ஓசியில் பார்த்தால் என்ன தப்பு? – வாசகர் கேள்வி பதில்

ஓடிடி, கேபிள், டெலிகிராம் படம் பற்றி வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்ட வாசகர்கள் கேட்டவற்றிலிருந்து சில. கேள்விகள் சுருக்கப்பட்டுள்ளன. பெயர்களை நாங்களே விட்டுவிட்டோம். ஏன் என்று படித்தால் புரியும்.

மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். அவனுடைய நெட்ஃபிளிக்ஸைத்தான் இங்கே வீட்டு டிவியில் பார்த்துவந்தோம். இப்போது, இந்த டிவி உங்கள் வீட்டுக் கணக்கில் இல்லை என்று வருகிறது. பெற்ற பிள்ளை காசு கட்டுகிறான், நாங்கள் பார்க்கிறோம். இதில் திருட்டு எங்கே வந்தது?
*– வாசகி, சத்துவாச்சாரி*

திருட்டு என்று யாரும் சொல்லவில்லை அம்மா. பாஸ்வேர்டைப் பகிர்வதுதான் அன்பு என்ற பொருளில் 2017இல் ட்விட்டரில் எழுதியதே அந்த நிறுவனம்தான். ஆள் சேரும்வரை பகிர்ந்தால் அன்பு. சேர்ந்த பிறகு, 2023 ஜூலையில், இந்தியாவிலும் கதவைச் சாத்தினார்கள். உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

சிக்கல் 'குடும்பம்' என்ற சொல்லில் இருக்கிறது. ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறதா என்று அவர்கள் பார்ப்பதில்லை, ஒரே வைஃபையில் இருக்கிறீர்களா என்று பார்க்கிறார்கள். டிவி எந்த இணைய இணைப்பில் ஓடுகிறது, அதே இணைப்பில் வேறு எந்தக் கருவிகள் இருக்கின்றன என்பதை வைத்து 'ஒரே வீடு' என்று தீர்மானிக்கிறார்கள். மகன் சந்தா எடுத்தபோது ஒப்புக்கொண்ட நிபந்தனையும் அதுதான். மீறினால் போலீஸ் வராது, சேவை நிற்கும், அவ்வளவுதான். இதுவரை தெரியாமல் பார்த்ததற்காக மனசைக் குடைந்துகொள்ள வேண்டாம்.

ஆனால், பயணத்தில் இருக்கிறேன் என்று திரையில் அழுத்தி, மகன் போனுக்கு வரும் நான்கு இலக்க எண்ணை 15 நிமிடத்துக்குள் வாங்கி அடிக்கும் வழி ஒன்று இருக்கிறதே, அதை வாராவாரம் செய்வது வேறு விஷயம். சொந்த வீட்டு சோபாவில் உட்கார்ந்துகொண்டு ஊருக்குப் போயிருப்பதாகச் சொல்வது அது. சின்னப் பொய்தான். ஆனாலும் பொய்.

நேர் வழி பெரிய செலவில்லை. மகனின் கணக்கில் 'புரொஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்று ஒரு வசதி உண்டு. அதை இயக்கினால் நீங்கள் பாதியில் விட்ட தொடர், பார்த்த பட்டியல் எல்லாம் புதுக் கணக்குக்கு வந்துவிடும். 2021 டிசம்பரில் விலையைக் குறைத்தபோது வைத்த வரிசை: மொபைல் மட்டும் 149, பேசிக் 199, அதற்கு மேல் 499, 649. டிவியில் பார்க்க 149 உதவாது. 199 வேண்டும், ஒரு நேரத்தில் ஒரு திரை. சந்தா எடுக்கும் நாளில் விலையை ஒருமுறை சரிபாருங்கள். எல்லா மாதமும் கட்டவும் வேண்டாம். ஒரு மாதம் எடுத்து, பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு, யுபிஐ செயலியில் 'ஆட்டோபே' பகுதிக்குப் போய் அனுமதியை ரத்து செய்யுங்கள். செயலியை அழித்தால் சந்தா நின்றுவிடும் என்று நினைத்து ஆறு மாதம் காசு போனவர்கள் நிறைய.

அமேசான் பிரைமில் கணக்கே வேறு. 2025 ஜனவரியிலிருந்து, சந்தாதாரருக்கும் அவர் குடும்பத்துக்கும் சேர்த்து ஐந்து கருவி, அதில் டிவி இரண்டு. மகன் வீட்டு டிவி ஒன்று, உங்கள் வீட்டு டிவி ஒன்று என்றால் வரம்புக்குள்தான்.

ஹீரோ கோடி கோடியாய்ச் சம்பளம் வாங்குகிறார். நான் டெலிகிராமில் பார்த்தால் அவருக்கு என்ன குறைந்துவிடும்?
*– வாசகர், போளூர்*

அவருக்கு ஒன்றும் குறையாது. சம்பளத்தின் பெரும்பகுதி ரிலீஸுக்கு முன்பே கைக்கு வந்திருக்கும்.

குறைவது உங்கள் ஊர்ப் பக்கம். பழைய வட ஆர்க்காடு மாவட்டம் 1989இல் இரண்டானது, 2019இல் வேலூர் மூன்றானது. சினிமா வியாபாரத்தில் மட்டும் இன்னும் 'என்.எஸ்.சி.' என்றுதான் ஏரியாவை விற்கிறார்கள். வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கல்பட்டு என்பதன் சுருக்கம். அந்த ஏரியாவை 'எம்.ஜி.' முறையில், அதாவது குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை கொடுத்து வாங்கிய விநியோகஸ்தருக்கு, போளூரிலும் ஆரணியிலும் முதல் மூன்று நாள் கூட்டம்தான் மூச்சு. வெள்ளிக்கிழமை இரவே படம் போனில் வந்துவிட்டால் சனி, ஞாயிறு அடிபடும். போட்ட தொகை ஹீரோவிடமிருந்து திரும்பாது. தியேட்டர்காரர் டிக்கெட் கிழிப்பவரைக் குறைப்பார், கேன்டீன் குத்தகைக்காரர் நஷ்டத்தில் மூடுவார்.

இன்னொன்று. டிஜிட்டல் தியேட்டரில் ஓடும் படத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத முத்திரை ஒன்று இருக்கிறது. திருட்டுப் பிரதியை ஆராய்ந்தால் எந்தத் திரை, எந்தத் தேதி, எந்தக் கால் மணி நேரம் என்பதுவரை தெரியும். மாட்டுவது சின்ன ஊர்த் தியேட்டராக இருந்தால் அதன் அடுத்த பெரிய படம் போச்சு. கடைசி வரிசையில் போனை நீட்டியவன் யாரென்று அந்தத் தியேட்டர்காரருக்கே தெரிந்திருக்காது.

பார்ப்பதும் குற்றமா, ஏற்றுவது மட்டும் குற்றமா?
*– வாசகர், வாலாஜாபேட்டை*

வெறுமனே பார்ப்பது தண்டனைக்குரிய குற்றம் அல்ல. பரப்புவதும், பொதுவில் காட்டுவதும், விற்பதும், வாடகைக்கு விடுவதும்தான் என்று 2016இல் மும்பை உயர்நீதிமன்றம் விளக்கியது. ஆனால் டவுன்லோடு செய்தால் அது பிரதி எடுப்பது. டொரண்ட் என்றால் இன்னும் மோசம். உங்கள் போனில் படம் துண்டு துண்டாக இறங்கும்போதே, இறங்கிய துண்டுகள் உங்களிடமிருந்து மற்றவர்களுக்கு ஏறிக்கொண்டும் இருக்கும். பார்க்க மட்டும் செய்தேன் என்ற வாதம் அங்கே நிற்காது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் லிங்க்கைத் தட்டிவிடுவதும் பரப்புவதில்தான் சேரும்.

தியேட்டரில் படம் பிடிப்பவருக்கும் அந்தப் பிரதியை லாபத்துக்காகப் பொதுவில் காட்டுபவருக்கும் 2023இல் சினிமாட்டோகிராஃப் சட்டத்தைத் திருத்தினார்கள். மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அபராதம் குறைந்தது 3 லட்சம். தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம்.

அண்ணன் வீடும் என் வீடும் ஒட்டிய சுவர். அவர் கேபிளில் ஒரு 'டி' போட்டு என் வீட்டுக்கு இழுத்தோம். படம் கட்டம் கட்டமாக உடைகிறது, சில சேனல் வரவே இல்லை. எங்கே தப்பு?
*– வாசகர், ஆரணி*

முதலில் கம்பி. நீங்கள் போட்ட 'டி', அதாவது இரண்டு வழி ஸ்பிளிட்டர், ஒவ்வொரு பக்கத்துக்கும் சுமார் 3.5 டெசிபல் குறைக்கும். அதாவது வந்த சிக்னலில் பாதிக்கும் குறைவுதான் உங்களுக்கும், அதேதான் அண்ணனுக்கும். ஆர்ஜி-6 ஒயர் 30 மீட்டர் ஓடினால் மேல் அலைவரிசைகளில் இன்னும் 6 டெசிபல் போகும். அதனால்தான் சில சேனல் மட்டும் வராமல் போகிறது. அனலாக் காலத்தில் சிக்னல் குறைந்தால் படத்தில் பூச்சி பறக்கும், ஆனாலும் முகம் தெரியும். டிஜிட்டலில் அப்படிப் படிப்படியாகக் குறையாது. ஓர் அளவுவரை சுத்தமாக வரும், அதற்குக் கீழே இறங்கினால் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். கனெக்டர் போடாமல் கம்பியை முறுக்கி டேப் சுற்றியிருந்தால் முதல் மழைக்கே ஈரம் இறங்கிப் பச்சை பூத்துவிடும். இதெல்லாம் உங்களோடு நிற்பதில்லை. அதே கம்பத்திலிருந்து எடுக்கும் அடுத்த வீட்டாருக்கும் படம் கெடலாம். அவர் திட்டுவது கேபிள்காரரை.

சரி, கம்பியைச் சீர்செய்தாலும் செட்டாப் பெட்டி இல்லாமல் சேனல் திறக்காது. அண்ணன் பெட்டியிலிருந்தே படத்தை இழுத்தால் அவர் வைக்கும் சேனல்தான் உங்களுக்கும். அண்ணி சீரியல் பார்க்கும் நேரத்தில் மேட்ச் வந்தால் என்ன நடக்கும் என்று ஆரணிக்காரருக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது நியாயம். ஓசிக் கணக்குகளில் மிகச் சங்கடமானது இதுதான் என்பது எங்கள் கருத்து. ஓடிடியில் ஏமாற்றினால் எங்கோ இருக்கும் ஒரு கம்பெனி. இங்கே தெருமுனையில் சைக்கிளை நிறுத்திவிட்டு உங்களுக்கு வணக்கம் சொல்கிற ஆள். 2019இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் புது முறை கொண்டுவந்தபோது அடிப்படைக் கட்டண உச்சவரம்பு 130 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 153 ரூபாய் 40 காசு. உள்ளூர் ஆபரேட்டருக்கும் மேலே சிக்னல் கொடுப்பவருக்கும் தனி ஒப்பந்தம் இல்லாவிட்டால் பங்கு 45-க்கு 55. ஆக, 130இல் உள்ளூர்க்காரருக்கு 58 ரூபாய் 50 காசு. கம்பம் ஏறுவது, அறுந்த கம்பி கட்டுவது, பையன் சம்பளம், எல்லாம் அதிலிருந்துதான். இப்போது அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள், ஆனால் அவர் வரவு எவ்வளவு சின்னது என்பது இதிலேயே தெரியும்.

ஒரே வீட்டில் இரண்டாவது டிவி என்றால் அடிப்படைக் கட்டணத்தில் சலுகை கேட்கலாம். உங்களுடையது தனிச் சமையல், தனிக் கதவு எண் என்றால் தனி இணைப்புதான். நேரில் பேசிப் பாருங்கள், பெரும்பாலும் ஏதாவது குறைத்துத்தான் தருவார்.

மாதக் கட்டணமே முடியாது என்றால் தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. 2004 டிசம்பரில் தொடங்கியது, டிஷ்ஷும் பெட்டியும் வாங்கும் செலவோடு சரி. எம்பெக்-4 பெட்டியாகக் கேட்டு வாங்குங்கள். பழைய எம்பெக்-2 பெட்டியில் எல்லாச் சேனலும் எடுக்காது. அந்தச் சேனல்களை அனுப்பும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் நிற்பது கிழக்கு 93.5 பாகையில். நம் பக்கத்திலிருந்து அது தென்கிழக்கில், தரையிலிருந்து சுமார் 67 டிகிரி உயரத்தில் இருக்கிறது. வீட்டு டிஷ் 'ஆஃப்செட்' வகை என்பதால் தட்டு அவ்வளவு வானம் பார்த்து இருக்காது, சற்று நிமிர்ந்தே நிற்கும். அதைப் பார்த்து இன்னும் சாய்த்துவிடாதீர்கள். தென்கிழக்கில் தென்னை மரம் நின்றால் மொட்டை மாடிதான் வழி. தமிழ் சேனல் குறைவு, அதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

எங்கள் ரூமில் நாலு பேர் சேர்ந்து ஒரு சந்தா கட்டுகிறோம். இன்னொரு நண்பன் டெலிகிராமில் "ஒரு ஸ்கிரீன் 60 ரூபாய்" என்று வாங்கியிருக்கிறான். இரண்டும் ஒன்றுதானே?
*– மாணவர், காட்பாடி*

ஒன்றில்லை தம்பி. ஒரே அறையில், ஒரே வைஃபையில் இருக்கும் நாலு பேர், நாலு திரை அனுமதிக்கும் திட்டத்தைப் பிரித்துக் கட்டுவது அந்தத் திட்டத்தின் நோக்கத்துக்கு வெகு தூரத்தில் இல்லை. லீவுக்கு அவரவர் ஊருக்குப் போனால் அடைபடும், அதைத் தாங்கிக்கொள்ளுங்கள்.

அறுபது ரூபாய்க்காரர் விற்பது யாருடைய கணக்கு? வழி மூன்றுதான். எங்கோ கசிந்த பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்துத் திறந்த கணக்கு, திருடிய கார்டில் எடுத்த கணக்கு, ஒன்றை எடுத்துப் பத்துப் பேருக்கு விற்ற கணக்கு. உங்கள் நண்பன் போனை வாங்கி புரொஃபைல் பக்கத்தைப் பாருங்கள். அவனுடையதுக்குப் பக்கத்தில் தெரியாத மொழியில் ஒரு பெயர், அதற்கு அடுத்து குழந்தைகள் புரொஃபைல், அதில் பாதியில் நிற்கும் கார்ட்டூன். அது ஒரு வீடு. அந்த வீட்டுக்காரர் மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறார், நடுக்கூடத்தில் உங்கள் நண்பன் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாது. ஓசி என்றுகூட இதைச் சொல்ல முடியாது.

சொந்தக்காரர் பாஸ்வேர்டை மாற்றினால் அன்றோடு முடிந்தது, 60 ரூபாய் திரும்பாது. ஆக்டிவேட் செய்ய ஓடிபி சொல்லுங்கள் என்று விற்பவர் கேட்டால் அந்த ஓடிபி பெரும்பாலும் ஓடிடியுடையது அல்ல.

கங்கையம்மன் திருவிழாவுக்கு எங்கள் தெருவில் திரை கட்டி, ஒருவரின் ஓடிடி கணக்கிலிருந்து படம் போடத் திட்டம். டிக்கெட் இல்லை. போடலாமா?
*– விழாக் குழு இளைஞர், குடியாத்தம்*

வைகாசி முதல் நாள் சிரசு விழாவுக்கு ஊரே ஆற்றங்கரையில் இருக்கும், உங்கள் படத்துக்கு யார் வருவார் என்பது முதல் சந்தேகம். அது போகட்டும்.

பாட்டு போடலாம். பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 52, உண்மையான மதச் சடங்கில் பாடல் ஒலிபரப்புவதற்கு விலக்கு தருகிறது. கல்யாண ஊர்வலமும் அதில் சேரும். அந்த விலக்கில் இருப்பவை இலக்கியம், நாடகம், இசை, ஒலிப்பதிவு. திரைப்படம் இல்லை. இலவசமாகக் காட்டுகிறோம் என்பதாலும் அது மாறாது. ஓடிடி சந்தாவோ சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று போட்டே தருகிறார்கள்.

நடைமுறையிலும் மாட்டிக்கொள்வீர்கள். லேப்டாப்பிலிருந்து மலிவு ஸ்பிளிட்டர் வழியாக புரொஜெக்டருக்குக் கொடுத்தால் பல ஓடிடிகளில் சத்தம் மட்டும் வரும், திரை கறுப்பாக நிற்கும். வழியில் இருக்கும் ஒவ்வொரு கருவியும் எச்டிசிபி என்ற நகல் தடுப்புப் பூட்டுக்கு ஒத்துப்போனால்தான் படம் திறக்கும். இரவு ஒன்பது மணிக்கு, இருநூறு பேர் பாயில் உட்கார்ந்த பிறகுதான் இது தெரியவரும். உடனே யாராவது ஒரு பென்டிரைவ் நீட்டுவார். அதில் இருப்பது திருட்டுப் பிரதி என்றால், பதிப்புரிமை மீறல் பழி விழாக் குழுத் தலைவர் பெயரில் வரும்.

படமே வேண்டும் என்றால் உரிமை வைத்திருப்பவரிடம் எழுத்தில் அனுமதி, பொதுத் திரையிடலுக்கான உள்ளூர் அனுமதி, இரண்டும் வேண்டும். மிகப் பழைய படம் என்றால் ஒரு வாய்ப்பு: படத்தின் பதிப்புரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு. 1960 படத்துக்கு 2020 டிசம்பர் 31ஓடு முடிந்தது. புதிதாக வண்ணம் சேர்த்த பிரதிக்கு அந்தக் கணக்கு போடாதீர்கள். எங்களைக் கேட்டால், புரொஜெக்டர் வாடகையைக் கூத்துக் குழுவுக்கு முன்பணமாகக் கொடுங்கள். தெருக்கூத்துக்கு வட ஆர்க்காட்டில் ஆள் தேட வேண்டுமா என்ன?

எல்லா ஓடிடியும் இலவசம் என்று ஒரு ஏபிகே போட்டேன். இப்போது போன் சூடாகிறது, டேட்டா மதியத்துக்குள் தீர்கிறது, பூட்டுத் திரையிலும் விளம்பரம் வருகிறது.
*– வாசகர், ராணிப்பேட்டை*

நியாயம் பேச இப்போது நேரமில்லை, முதலில் டேட்டாவையும் வைஃபையையும் அணையுங்கள். செட்டிங்ஸில் 'ஆக்ஸசிபிலிட்டி' பகுதிக்குப் போய், அந்தச் செயலிக்கு அனுமதி இருந்தால் எடுங்கள். உங்கள் திரையில் இருப்பதைப் படிப்பதும் உங்களுக்குப் பதிலாக அழுத்துவதும் அந்த அனுமதியால்தான். பிறகு 'டிவைஸ் அட்மின்' பட்டியலிலும் அதன் டிக்கை எடுங்கள். அங்கே டிக் இருக்கும்வரை நீக்கு என்றாலும் நீங்காது. அதற்குப் பிறகு நீக்குங்கள். முரண்டு பிடித்தால் போனை 'சேஃப் மோடில்' திறந்து நீக்குங்கள். எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கொடுத்திருந்தால் வங்கி ஓடிபிகள் வெளியே போயிருக்கலாம். வங்கி பாஸ்வேர்டையும் யுபிஐ பின்னையும் வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள், இதே போனிலிருந்து அல்ல. கணக்கில் ஒரு ரூபாய் குறைந்திருந்தாலும் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் நிறுத்த முடிந்தால் உண்டு. அப்புறமும் சூடு குறையவில்லை என்றால் புகைப்படங்களை மட்டும் எடுத்துவைத்துவிட்டு ஃபேக்டரி ரீசெட்.

காசு வாங்காமல் படம் காட்டுகிறவர் சர்வருக்கு யார் காசில் வாடகை கட்டுகிறார் என்பதற்கு உங்கள் போனின் சூடுதான் பதில்.

சட்டப்படியே இலவசமாக வேண்டும் என்றால், பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய 'வேவ்ஸ்' செயலியை பிளே ஸ்டோரிலிருந்து எடுங்கள்.

சிகிச்சைக்கு வருபவர்களின் குடும்பங்கள் தங்கும் 14 அறை லாட்ஜ். வீட்டு இணைப்பு ஒன்றைப் பிரித்து அறைகளுக்குக் கொடுத்திருக்கிறோம். டிவிக்கென்று தனிக் காசு வாங்குவதில்லை.
*– ஆற்காடு சாலை, வேலூர்*

வாசல் பலகையில் 'டிவி வசதி உண்டு' என்று எழுதியிருந்தால் வாடகையில் அதற்கும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள். லாட்ஜ் என்று சொல்லியே இணைப்பு எடுங்கள், அறைக்கு ஒரு பெட்டி. 14 பெட்டிக்கும் ஒரே தமிழ்ப் பேக்கேஜ் போட்டுக் காசைக் கரைக்க வேண்டாம். மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து வாரக்கணக்கில் தங்குபவர்களுக்கு வங்காளமும் இந்தியும்தான் வேண்டும். பெட்டிவாரியாகச் சேனல் தேர்ந்தெடுக்கலாம்.

ஸ்மார்ட் டிவி இருக்கும் அறைகளில் நீங்கள் கேட்காத ஒன்று நடக்கிறது. தங்கியவர் தன் ஓடிடி கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, டிஸ்சார்ஜ் அவசரத்தில் அப்படியே விட்டுப் போகிறார். அடுத்தவர் இலவசமாகப் பார்க்கிறார், ரூம் பாயும் அதை ஒரு வசதியாகவே சொல்லி வைக்கிறார். ஆஸ்பத்திரிச் செலவில் திணறும் ஒரு குடும்பத்தின் காசு அது. அறையைப் பெருக்கும்போதே செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ் போய் கூகுள் கணக்கையும் ஓடிடி கணக்கையும் நீக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் டிவியை ரீசெட் செய்யச் சொல்லுங்கள், சில நிமிட வேலை. படுக்கை விரிப்பு மாற்றுவதோடு சேர்த்து இதையும் எழுதி அறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவிட்டால் மறக்காது.

வார இதழ்கள் எல்லாம் வாட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப் ஆக வருகின்றன, உங்கள் இதழும்தான். படிக்கலாமா? நான்தான் அந்தக் குழுவின் அட்மின்.
*– ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆம்பூர்*

இதில் எங்கள் காசு சம்பந்தப்பட்டிருப்பதால் பதிலைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே கேளுங்கள் ஐயா.

பழைய எழுத்து எல்லாமே பூட்டில் இல்லை. எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு முடிந்தால் பொதுச் சொத்து. கல்கி மறைந்தது 1954இல். அவர் எழுத்தை அந்த 60 ஆண்டு முடியும் முன்பே அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டது. அந்தக் கதைகளை யாரும் யாருக்கும் அனுப்பலாம். அதே கதைக்குப் பின்னால் வேறொரு ஓவியர் வரைந்த படங்களோடு வந்த பதிப்பை ஸ்கேன் செய்தால், கதை பொது, படம் பொது இல்லை. நூலகத்தில் படிப்பதும், ஒரு பிரதியை வாங்கி நாலு வீடு கைமாற்றிப் படிப்பதும் எப்போதும் போல் சரி. வாங்கிய தாள் உங்களுடையது. அதையே ஸ்கேன் செய்து அனுப்பினால் ஒன்று இருநூறாகிவிடுகிறது.

இந்த வார இதழை பிடிஎஃப் ஆக்குபவர், இதழ் கடைக்கு வரும் காலையிலேயே ஒன்று வாங்கி, பின்னைப் பிரித்து, பக்கம் பக்கமாகப் போனில் பிடிக்கிறார். நிழல் விழாமல், ஓரம் வெட்டி, வரிசை மாறாமல், அவ்வளவு சிரத்தை. அவரை எல்லார் முன்னும் கண்டிக்காதீர்கள். தனியாக அழைத்து, பழைய நாட்டுடைமை நூல்களை இதே கவனத்தோடு ஸ்கேன் செய்து தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். கேட்காவிட்டால், அட்மின் மட்டும் அனுப்பலாம் என்று குழுவை மாற்றும் பொத்தான் உங்களிடம்தான் இருக்கிறது.